தெருவுக்கு முதலில் தெரிந்தது

துபாய் தேராவில், நைஃப் சாலைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் ஒரு பார்ட்டிஷனில் இருந்தோம். பெரிய ஹாலைப் பிளைவுட் பலகைகளால் பிரித்து, தடுப்புக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். பலகை கூரை வரை எட்டாது. பக்கத்துத் தடுப்பில் யாராவது தும்மினால் எங்கள் கட்டிலில் படுத்தபடியே ‘நூறு’ என்று வாழ்த்தலாம்.

மெட்ரோவுக்காகத் தேராவைத் தோண்டத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர்கீப்பர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது என் லீவு நாட்களில் மட்டும்தான். ஊரில் என் மனைவியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “முழுகாம இருக்கியா?” குடும்ப விசாவுக்கு என் சம்பளம் போதாது. அதனால் விசிட் விசாவில் அவளை இரண்டு மாதத்துக்கு வரவழைத்தேன். எதற்கு என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த தடுப்பில் ஒரு சீனப் பெண் இருந்தார். நாற்பதை நெருங்கியிருப்பார். பொம்மைகள் மொத்தமாக விற்கும் கடையில் வேலை. ஊரில் ஒரு மகனை அம்மாவிடம் விட்டு வந்திருந்தார். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிக் கற்ற இந்தியில் பாதி அரபி கலந்திருக்கும். என் மனைவியின் இந்தி அதைவிட மோசம். ஆனாலும் பொதுச் சமையலறையில் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பானையை எட்டிப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்வார்: “ரோஜ் சாவல், பாபி! ரோஜ் சாவல்!” தினமும் சோறுதானா அண்ணி என்று கேலி. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், “யல்லா, பாபி, ஆவோ” என்று கிளப்பிவிட்டார். தன் ஊர்க்காரர்கள் கடை வைத்திருக்கும் தெருவைக் காட்டப் போகிறாராம். எனக்கும் சேர்த்துத்தான் அழைப்பு என்றாலும், என் கையில் ஒரு காலிப் பையைக் கொடுத்துப் பின்னால் வரச் சொன்னார்.

அந்தத் தெரு எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு திருப்பம் தள்ளித்தான் இருந்தது. பகலில் நான் பஸ் பிடிக்கப் போகும் வழி. பகலில் அது சாதாரணச் சந்து. இரவு இஷா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அது விழித்தது. சிவப்புக் காகித விளக்குகள், கடை வாசலிலேயே அடுப்பு, ஆவி. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுச் சீட்டாடும் ஆட்கள். மாடியில் யாரோ மைக்கில் சுதி சேராமல் பாடினார்கள். கீழே நின்றவர்கள் கைதட்டி மானத்தை வாங்கினார்கள்.

முதல் கடையில் சீனப் பெண் ஆவி பறக்கும் மூங்கில் கூடையைத் திறந்து காட்டினார். என் மனைவி ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏங்க, கொழுக்கட்டையேதான். பூரணத்துக்குப் பதிலாக் கறி வச்சிருக்காக. பிள்ளையாருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்கிடுவாரு.”

“நீ சொல்லாத, அவருக்குத் தெரியாது.”

இரண்டாவது கடையில் வெள்ளைத் தொப்பி போட்ட சீன முஸ்லிம் ஒருவர் மாவை இழுத்து, மடித்து, மேசையில் அறைந்து, நூல் நூலாக நூடுல்ஸ் ஆக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு அறை அறையும்போதும் என் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். அதைக் கண்டுகொண்டு அவர் வேண்டுமென்றே இன்னும் ஓங்கி அறைந்தார்.

எதிரே ஒரு ஹோட்டலின் வாசலில் நீல விளக்கு மின்னியது. உள்ளிருந்து தமிழ்ப் பாட்டு கேட்டது.

“அங்க என்ன?”

“குடிக்கிற இடம்.”

“நீங்க போயிருக்கீகளா?”

“எனக்கு எங்க நேரம்?”

“நேரம் இல்லைன்னுதான் சொல்றாக, போகலைன்னு சொல்லலை பாருங்க” என்று அவள் சீனப் பெண்ணிடம் தமிழிலேயே புகார் சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அடுத்து ஒரு தள்ளுவண்டி. நீளத் தொட்டியில் கரி கனன்றது. ஆட்டிறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்து, சீரகமும் மிளகாய்த்தூளும் அள்ளித் தூவிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு சொட்டி, புகை எங்கள் பக்கம் திரும்பியது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு நடைபாதை ஓரம் குனிந்து ஓங்கரித்தாள்.

நான் தண்ணீருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது சீனப் பெண் அவள் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் தள்ளிப் போயிற்றா என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிக் கேட்டார். என் மனைவி தலைகுனிந்து ஆமாம் என்றாள். என்னைப் பார்க்காமலே, “நாள் தள்ளிப் போயிருக்குங்க. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள்.

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் நடையின் போக்கே மாறியது. காரமான எதையும் சீனப் பெண் பக்கத்தில் வரவிடவில்லை. “மாஃபி மிர்ச்சி! மாஃபி மிர்ச்சி!” என்று கடைக்குக் கடை கத்திக்கொண்டு போனார்; அரபியில் மாஃபி என்றால் ‘இல்லை’. எதிரே வருகிறவர்கள் இடிக்காமல் இருக்க ஒரு கையை வேலிபோல் நீட்டிக்கொண்டார். ஒரு பெட்டிக்கடைக் கிழவியிடம் உப்பில் காயவைத்த பழம் வாங்கி என் மனைவியின் வாயில் திணித்தார். அவள் விரும்பிச் சப்பியதும் அவருக்குப் பிடிபடாத மகிழ்ச்சி. “கட்டா, பேட்டா! மிர்ச்சி, பேட்டி!” புளிப்புக் கேட்டால் மகன், காரம் கேட்டால் மகள். எங்கள் பக்கத்திலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. கிழவி காசு வாங்க மறுத்தாள். நூடுல்ஸ்காரரிடம் திரும்பிப் போனோம். அவர் மாவுக் கையோடு வெளியே வந்து, என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார். என் சட்டை வெள்ளையாயிற்று. காரம் இல்லாமல், புளிக்காடி ஊற்றி அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் போட்டுத் தந்தார். சீட்டாடியவர்கள் ஸ்டூல் கொடுத்தார்கள். ஊரில் என் அம்மாவுக்குத் தெரியும் முன்பே அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சாப்பிட, நான் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு நாட்குறிப்பில், சாப்பிட்ட பண்டங்களைக் கடை வரிசைப்படி எழுதினேன். மற்றதை எழுதவில்லை. உறுதியாகாததை எழுதுவது என் வழக்கம் இல்லை.

அடுத்த வாரம் அது இல்லை என்று ஆயிற்று. விடியற்காலையில் பாத்ரூமிலிருந்து வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தடுப்புக்குள் அழவும் முடியாது. க்ரீக் ஓரம் நடந்து போய், படகுகள் கட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதாள். சீனப் பெண்ணுக்குச் சமையலறையில் தெரிந்தது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

தெருவுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போன் பேச கார்டு வாங்கவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் நூடுல்ஸ்காரர் தூரத்திலேயே பார்த்து, இரண்டு கையையும் தொட்டில்போல் ஆட்டிக் காட்டினார். நான் தலையசைத்துவிட்டு நகர்ந்தேன். அதன் பிறகு மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த பலகைகளைச் சுற்றிக்கொண்டு, வேறு வழியாகப் போகத் தொடங்கினோம். கேள்வி கேட்க ஆளில்லாத அந்நிய ஊர் என்று நம்பித்தான் அவளை வரவழைத்தேன். இங்கேயும் ஒளிந்து நடக்க வேண்டியதாயிற்று.

விசா முடியப் போகும் வாரத்தில் அவளே சொன்னாள்.

“இன்னைக்கு அந்தத் தெரு வழியாப் போவோம்.”

“எதுக்கு? யாராவது கேப்பாக.”

“கேக்கட்டும். நாளைக்கு நான் போயிருவேன். நீங்கல்ல இங்க இருக்கணும். காலம் பூராச் சுத்தியா போவீக?”

நூடுல்ஸ்காரர் அவளைக் கண்டதும் மாவை விட்டுவிட்டு வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, “மாஃபி” என்றாள். ஊரில் எத்தனையோ பேருக்கு அவள் வாய் திறந்து சொல்லாத பதில் அது. இங்கே ஒரே சொல்லில் முடிந்தது.

அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். “அல்லாஹ் கரீம்” என்றார், இறைவன் தாராளமானவன் என்று. ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு மேசையைத் துடைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாடியில் அன்றும் யாரோ சுதி சேராமல் பாடினார்கள்.

மறுநாள் விமானம். பிறகு அந்தத் தெருவில் தனியாகத்தான் நடந்தேன். அவள் இருந்தபோது பார்த்தவற்றையே தினமும் பார்த்தேன். எதுவும் எனக்குத் தனியாகப் போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்.

“அந்தப் பக்கம் போறீகளா?”

“போறேன்.”

“யாரும் கேட்டாகளா?”

“நூடுல்ஸ்காரர் கேட்டாரு.”

“எதை? பிள்ளையவா, என்னையவா?”

“உன்னையத்தான். பாபி எங்கன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீக?”

“வருவாள்னு சொன்னேன்.”

“எப்பன்னு கேக்கலையா?”

“கேட்டாரு” என்றேன். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.