மர்ளியாவின் வெறும் பெட்டி

கண்டக்குழி மர்ளியா கல்பிட்டிச் சந்தியில் போன் திருத்துபவள். 2018இல், அவள் கணவன் இனாஸ் காவலுக்கு நின்ற இறால் குளத்தில் ஒரு விடியலில் இறால் முழுக்கச் செத்து மிதந்தது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்ததை யாரும் அறியவில்லை. பழி இனாஸ் தலையில் விழுந்தது, வேலையும் போனது.

ஒட்சிசன் குறைந்தால் பல்ப் எரிந்து, போனுக்கும் அழைப்பு வரும் மிதவை ஒன்றை மர்ளியா யோசித்தாள். குளக்காரர்களுக்கு வாயால் சொன்னபோது ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ஆகவே தண்ணீரில் மிதக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் சிவப்பு பல்ப் பூட்டி, மேசைக்குக் கீழே கம்பியில்லாச் சுவிட்ச் வைத்து ஒரு மாதிரி செய்தாள். "இது சும்மா பெட்டி. எப்பிடி இருக்கும் எண்டு காட்டத்தான்" என்று சொல்லி அழுத்தினாள்.

பெரிய குளக்காரர் பதுர்தீன் ஹாஜியாருக்கு உடனே பிடிபட்டது. "பல்ப் இன்னும் உசர வேணும் மகள். கரையில நிக்கிறவனுக்குத் தெரியணுமே."

பண்ணைச் சாமான் விற்கும் அஸ்ஹான், "ரெண்டு நாளைக்குத் தாங்க தங்கச்சி, கொழும்பில காட்டிட்டுத் தாறன்" என்று அதைச் சுவிட்சோடு வாங்கிப் போனான். மூன்று மாதத்துக்குப் பிறகு நோட்டீஸ்தான் வந்தது: சிலாபத்தில் கூட்டம், அஸ்ஹானின் கண்டுபிடிப்பு அறிமுகம்.

போன் எடுத்துக் கேட்டாள். "வெறும் பெட்டிக்கா இவ்வளவு?" என்று சிரித்தான்.

இனாஸ் பொலிஸுக்குப் போவோம் என்றான்.

"வேணாம். சனத்துக்கு முன்னால அவன் தலை குனியணும். அதை நான் பார்க்கணும்."

அதற்குள் சென்சர் வைத்த உண்மையான மிதவையைச் செய்து முடித்திருந்தாள். சிலாபத்து மண்டபத்துக்கு அதோடு ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுபோய் முன்வரிசையில் இருந்தாள். கொதிக்க வைத்து மூடி ஆற்றிய தண்ணீர். அதில் ஒட்சிசன் மிகக் குறைவு. பதுர்தீன் ஹாஜியாரையும் வரச் சொல்லி, அவர் போன் நம்பரை மிதவையில் பதிந்திருந்தாள்.

அஸ்ஹான் ஒட்சிசன் குறைந்த தண்ணீர் என்று சொல்லி, ஒரு கையைப் பொக்கட்டுக்குள் விட்டபடி தொட்டியில் பெட்டியை மிதக்கவிட்டான். பல்ப் எரிந்தது. சனம் கைதட்டி ஓய்ந்ததும் மர்ளியா எழும்பினாள்.

"அஸ்ஹான் நானா, பொக்கட்டுக்குள்ள இருக்கிற கையை வெளியில எடுங்க. இது கொதிக்க வச்ச தண்ணி, ஒட்சிசன் குறைவு. இப்ப பெட்டியை இந்த வாளியில போடுங்க."

போட்டான். எரியவில்லை. அவள் தன் மிதவையை அதே வாளியில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் பல்ப் எரிந்தது. ஹாஜியாரின் போன் அடித்தது.

"வெளியில போய்க் கதைப்பம், தங்கச்சி" என்றான் அஸ்ஹான், மெதுவாக.

"இங்கயே கதைங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அந்த மாதமே ஹாஜியார் ஆறு மிதவை செய்யச் சொன்னார். இனாஸை அவர் குளத்தில் வேலைக்கும் எடுத்தார். அஸ்ஹானின் கடைக்கு ஆள் போவது நின்றது.

ஒரு நாள் அவன் மனைவி றுக்கியா வந்து அழுதாள். "ஏதோ தவறுதலா நடந்தது எண்டு சனத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, ராத்தா."

மர்ளியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடியும்வரை பக்கத்திலேயே இருந்தாள். "சொல்ல மாட்டன்" என்றாள்.