நிற்கச் சொல்லாத பூனை

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பெற்று வளர்த்தேன். ஒன்றுக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தும் சோறுதான் தின்கின்றன. கடைசி மகனின் பெண்ணுக்கு எட்டு வயது. அவளுக்குத்தான் ஞாயிறுதோறும் போனில் வகுப்பு. கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடக் கற்றுத்தருகிறார்களாம். விழுந்த பல் இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் அதிகாரம்!

நேற்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பூனை. அது நடந்துபோய் ஆரஞ்சு பறிக்க வேண்டும். எங்கள் மலையூர் வாழவந்தியில் ஆரஞ்சு பறிக்கப் பூனையை அனுப்பியவர் யாருமில்லை, அது போகட்டும். பூனை மரத்தைத் தாண்டி, திரையையும் தாண்டிப் போயே போய்விட்டது. பிள்ளை விசும்பியது.

“நிக்கச் சொல்ல மறந்துட்டேன் ஆயா.”

“மரத்தைப் பாத்தா நிக்கத் தெரியாதா அதுக்கு?”

“சொன்னதை மட்டுந்தான் செய்யும்.”

இதற்குப் பெயர் அறிவாம்.

எனக்கு, வயசுக் காலத்தில் கூலிக்குப் போன காபி எஸ்டேட்டில் எங்களை வேலை வாங்கிய ரைட்டரின் விசில் காதில் கேட்டது. காபிப் பழக்காலத்தில் ஆளுக்கொரு வரிசை பிரித்துவிடுவார்கள். சேலத்திலிருந்து புதிதாக வந்திருந்த அந்த மனிதர், சட்டை மடிப்புக் கலையாமல் நின்று உத்தரவு போட்டார்: “நான் விசில் ஊதற வரைக்கும் யாரும் நிக்கக் கூடாது. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது.”

ஊதாமலே டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் நிற்கவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டி, பக்கத்து எஸ்டேட் பழத்தையும் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டே போனோம். அந்த எஸ்டேட் காவல்காரர் கத்த, ரைட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“யாரு புள்ள அங்க போகச் சொன்னது?”

“ஏனுங்க, நீங்க நிக்கச் சொல்லலீங்களே!” என்றேன். மற்ற பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். மறுநாளிலிருந்து எங்களைக் கேட்டுத்தான் விசில் ஊதினார்.

அந்த ரைட்டரும் போனார், விசிலும் போயிற்று. அதற்கெல்லாம் நான் அழவில்லை. போன மழைக்காலம் வரை இந்தப் பிள்ளை வாயில் ‘ஏன்’ ஓயாது. மிளகுக்கொடி ஏன் மரத்தில் ஏறுது, மேகம் ஏன் ஊட்டுக்குள்ள வருது என்று உயிரை எடுக்கும். இந்த வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அந்தச் சத்தமே இல்லை. “பாப்பா இப்பெல்லாம் சொன்னா சொன்னபடி கேக்குதுங்க அத்தை” என்று மருமகள் பூரித்துப் போகிறாள். பூனையைப் பழக்கப் போய், என் பேத்தி பூனையாகித் திரும்பியிருக்கிறாள்.

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு. பூனையான கதையைச் சொன்னதும் பேனா நின்றது. என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே என்னவோ எழுதி, கையால் மறைத்துக்கொண்டாள்.

எங்கே, வாசி கண்ணு. பூனைன்னா சொன்னதை மட்டுந்தானே எழுதும்? நான் சொல்லாததை எழுதினியே, அங்கிருந்து வாசி.