எலிக்குப் படுக்கை போட்ட கதை

எலிக்கூண்டு சுத்தம் செய்பவனுக்கு முதலில் ரிட்டயர் ஆவது மூக்குதான். போர்ட் பிளேரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை. பின்னால் வந்தவன் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் விஷயத்தில் அவன் பெயர் மணி. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம், எனக்கு எட்டு வருடம் ஜூனியர். எங்கள் இருவரில் ஒருவருக்கு எலிக்குட்டிகளை வளர்க்கும் அறையின் பொறுப்பு வரும் என்று கூடத்தை நடத்தும் டாக்டர் மேடம் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

படாக் தூள்

எலிகளுக்குப் படுக்கையாகப் போடும் மரச்சீவல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஒரு மழைக்காலத்தில் கப்பல் வரவில்லை. மணி முந்திக்கொள்வதற்குள் மரம் அறுக்கும் மில்லுக்கு ஓடி, இரண்டு மூட்டை தூள் கொண்டுவந்து போட்டேன். படாக் மரத்தூள்; இங்கே மேஜை நாற்காலி செய்யும் சிவப்பு மரம். ஈரம் பட்டுச் சாயம் இறங்கியது. மூன்றாம் நாள் வெள்ளை எலியெல்லாம் செங்கல் நிறம், போதாததற்குத் தும்மல் வேறு. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். மணி ஒரு கூண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாலிஷ் மட்டும் போட்டுட்டா ஷோகேஸ்ல வச்சிரலாம் அண்ணே."

இரண்டு வரிசை

அடுத்த கப்பலில் மரச்சீவலோடு, மக்காச்சோளம் உதிர்த்தபின் மிஞ்சும் தக்கையை உடைத்த குருணையும் வந்தது. மணி குருணையை எடுத்துக்கொண்டான். அவன் தொட்டதை நான் தொடுவதா? சீவலையே போட்டேன். என் கூண்டுகள் இரண்டே நாளில் நசநசத்து மூத்திர நெடி ஏறும். அவனுடையவை வாரம் முழுக்கக் காய்ந்தே கிடக்கும். ஸ்டோர் பார்க்கும் வங்காளிக்காரருக்கு அண்ணன் என்றால் தாதா. நடுவில் நின்று மோந்து பார்த்தார்: "அரே தாதா, உங்க சைடு வந்தா கண்ணு எரியுது, மணி சைடு வந்தா பசிக்குது."

தாய் எலிகள்

கடைசியில் மேடம் ஆளுக்கு ஆறு சினை எலி கொடுத்தார். யாரிடம் குட்டிகள் நன்றாகத் தேறுகின்றனவோ அவருக்கே அறை. இந்தத் தடவை வீம்பை விட்டேன். மணி இல்லாத நேரம் பார்த்து அவன் மூட்டையிலிருந்து குருணையை அள்ளி ஆறு கூண்டிலும் போட்டேன். குருணையில் கூடு கட்ட முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. பிறந்த குட்டிகள் ரோமம் இல்லாமல் ஏசி குளிரில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன.

மறுநாள் காலை போனால், என் கூண்டுகளில் யாரோ டிஷ்யூ காகிதம் வைத்திருந்தார்கள். தாய்கள் அதைக் கிழித்துக் கூடு கட்டிக் குட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. நான்கு தாய்களின் குட்டிகள் தப்பின, இரண்டின் குட்டிகள் போய்விட்டன. மணியிடம் ஆறு தாய்களின் குட்டிகளும் கொழுகொழுவென்று இருந்தன. அறைச் சாவி அவனுக்குப் போனது. மூட்டை குறைந்ததையும் தான் காகிதம் வைத்ததையும் பற்றி அவன் மேடத்திடம் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்: "தாய் எலிக்கு நானே குருணை போடறதில்ல அண்ணே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

மணி மட்டும் கெட்டவனாக இருந்திருந்தால், இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.