அவளுக்குப் பதிலாக ஏறிய மலை

வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு அரசு ஊழியர் கொடுக்கும் விண்ணப்பத்துக்குக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால், அனுமதி கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம். ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்த எனக்கு அப்படி ஒரு விதி இருந்தது. என் மனைவி பூந்தமல்லிப் பக்கம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுடைய மேலலுவலகத்துக்கு நேரில் போய் இந்த விதியைச் சொன்னேன். குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை.

"அது உங்க ரூலு சார். இங்க பதில் வர்லன்னா வர்லன்னுதான் அர்த்தம். பேப்பர் மேல போயிக்கீது, வரும்."

எண்பதுகளின் கடைசி அது. அவள் தம்பி அயர்லாந்தில் டாக்டராக இருந்தான். அந்தக் கோடையோடு வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிறவன், அதற்குள் வந்துவிடச் சொல்லி இருவருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தான். எங்கள் சம்பளத்துக்கு அந்த நாடு வரைபடத்தோடு சரி.

போக ஏங்கியவள் அவள்தான். சிறுவயதில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்த ஐரிஷ் கன்னியாஸ்திரி, மழையில் வகுப்பு இருட்டும்போதெல்லாம் தன் ஊர் மலையின் கதையைச் சொல்வாராம். உச்சியில் ஒரு பெரிய கற்குவியல். அதற்குள் பழங்காலத்து ராணி ஒருத்தி, ஈட்டியோடு, எதிரிகளின் திசையைப் பார்த்து நின்றபடியே புதைக்கப்பட்டிருக்கிறாள். ஏறுகிறவர்கள் ஒரு கல் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. தம்பி இருக்கும் ஊரிலிருந்து அந்த மலைக்குக் காரில் போய்விடலாம் என்று தெரிந்ததும், அவள் ஞாயிறுதோறும் பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பழகினாள். நான் கீழே டீக்கடையில் காத்திருப்பேன்.

பயண நாள் வந்தது. இருவருக்குமே பதில் வரவில்லை. எனக்கு விதி இருந்தது.

"நீங்களாவது போங்க. ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறோம்?" என்றாள். பாரிவாக்கம் ஏரிக்கரையில் எடுத்த ஒரு கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள்.

மலை பெரிய உயரமில்லை. அதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் சேறு, ஆட்டுப் புழுக்கை, முகத்தில் அறையும் காற்று.

"அக்கா இந்நேரம் மேல போய் நமக்குக் கை காட்டியிருப்பா மாமா," என்றான் மைத்துனன். "நீங்க பிராக்டிஸ் பண்ணது டீக்கடையில."

"பேசாம நடடா."

உச்சியில் மேகம் விலகிக் கடல் தெரிந்தது. கீழே பச்சை வயல்கள், கல் வேலிகள், எதிரே மேசை போல இன்னொரு மலை. அவளிடம் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன். கல்லை வைத்தபோது, திரும்பி அவளிடம் "இங்கயா?" என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன். மைத்துனன் வேறு பக்கம் பார்த்தான்.

திரும்பி வந்ததும் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கற்கள் ஈரமாக இருந்தனவா? காற்றில் கடல் வாசம் இருந்ததா? ராணி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள்?

"வடக்கே."

"யார் சொன்னா?"

"அங்க எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க அந்தப் பக்கம் நின்னு பார்த்தீங்களா?"

நிற்கவில்லை. அங்கேதான் காற்று அதிகம். அதன் பிறகும் சோறு பரிமாறும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, புதிதாக ஏதாவது ஒன்று கேட்பாள். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அவள் போயிருந்தால் பார்த்திருப்பாள்.

மைத்துனன் ஊர் திரும்பி, குமணன்சாவடியில் கிளினிக் திறந்தான். அயர்லாந்தில் இருந்த வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

பிறகு ஒரு மாலை அவள் பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு காகிதத்தை நீட்டினாள். கோரியபடி, கோடை விடுமுறைக் காலத்துக்கு மட்டும், அயர்லாந்து சென்றுவர அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. முத்திரை, கையெழுத்து, நகல் குறிப்பு, எல்லாம் முறையாக இருந்தன. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"குடுத்துட்டாங்க, பாருங்க," என்றாள். திருத்த வேண்டிய அரையாண்டுத் தேர்வுத் தாள்களோடு உள்ளே போனாள்.

அன்று மார்கழி முதல் தேதி.