வெம்பிளிப் புல்வெளியில் மீனாக நின்றது

ஜனவரி மாதத்து ஈரப் புல்வெளியில் ஒருவர் நீண்ட தூண்டிலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கிறார். அருகில் குளமோ கால்வாயோ இல்லை. பெஞ்சில் அமர்ந்திருக்கும் அவருடைய மனைவி என் பார்வையைப் புரிந்துகொண்டு, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நாளைக்கு பஹாமாஸ் போறார்" என்கிறார்.

இந்தக் குளிர்மாதங்களில் அங்கே முழங்காலளவுக் கடலில் நின்று, இறகால் செய்த பொய் இரையை வீசி, போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடிப்பார்களாம். மீன் கவ்வியதும் தூண்டில் கோலை உயர்த்தக் கூடாது; உயர்த்தினால் இரை அதன் வாயிலிருந்து நழுவிவிடும். இடக்கையால் நூலை இழுக்க வேண்டும். சென்ற ஆண்டு சிக்கிய ஒரே மீனை அவர் கோலை உயர்த்தித்தான் தவறவிட்டிருக்கிறார்.

"பிடிச்சாலும் திருப்பிக் கடலிலைதானே விடப்போறியள்?" என்கிறார் மனைவி.

"விடுறதுக்கும் முதலிலை பிடிக்கவேணுமெல்லோ!"

அவர் பழகிப் பார்ப்பதற்காக மீனாக நடிக்க மனைவி மறுத்துவிட, கொக்கி கழற்றிய நூலின் நுனி என் கைக்கு வருகிறது. நான் வெடுக்கென்று இழுக்கிறேன். அவர் கோலை உயர்த்துகிறார். மறுமுறையும் அப்படியே.

"ஆறுதலா தங்கச்சி, ஆறுதலா!" என்கிறார் அவர்.

மதுரைக்காரியான எனக்கு ஆறுதல் என்றால் தேற்றுவதுதான். அவர் மனமுடைந்துவிட்டார் என்றெண்ணி, "பரவாயில்லை சார், அங்கே கட்டாயம் பிடிச்சிடுவீங்க" என்றபடி அவரை நோக்கி நடக்கிறேன். நூல் தொய்கிறது. தொய்ந்த நூலை அவருடைய இடக்கை தானாகவே இழுக்கிறது, கோல் அசையவில்லை.

"ஆறுதலா எண்டால் எங்கடை பேச்சிலை மெதுவா. மெதுவா இழுக்கச் சொன்னவர், பிள்ளை" என்று மனைவி சிரிக்கிறார். பிறகு கணவரிடம் திரும்பி, "பாத்தியளே, ஆறுதல் சொல்ல வாற மீன் எண்டால் உங்களாலை பிடிக்க ஏலும்" என்கிறார்.