இரண்டு முறை கூப்பிட்ட பெயர்

கொரோனா காலத்தில் திருத்தணியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். மலையில் மொட்டை போட்டு, சந்தனம் காயாத தலையோடு ஒருவர் வந்தார். வெளிநாடு போய் சொகுசுக் கப்பலில் துணி துவைக்கும் வேலைக்கு ஏற வேண்டும். அதற்குத் தொற்று இல்லை என்ற சான்று தேவை. பெயரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. எரிச்சலோடு மறுபடி கூப்பிட்டதும் சிரித்தபடி எழுந்தார்.

“மொத வாட்டி காதுல வுழலைங்களா?”

“ஆங், வுழுந்துச்சும்மா. கப்பல்ல நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாங்க. ஊட்லயும் யாரும் இல்ல. அதான், ரெண்டு வாட்டி கேக்கலாம்னு குந்திகினு இருந்தேன்.”

மறுநாள் முடிவு வந்தது. தொற்று இல்லை, அவர் கிளம்பலாம். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றிருந்தார். வேறு யாருமில்லை. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பெயரைக் கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் கூப்பிட்டேன்.