இரை எடுத்த மறுநாள்

"...கையிலை எடுத்துக் காட்டினாத்தான் மச்சான் அது பாம்பு. கண்ணாடிக்குள்ளை கிடந்தா வெறும் படம்" என்று சொல்லி முடித்தார் ஜெறோம்.

ஜெறோம் என் மனைவி யசிந்தாவின் அண்ணன். நொர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கனிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, தலைநகரின் ஓரத்து ரொம்சோஸில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழும்பிய நேரம். பாம்பு என் மகள் ஷாமினியுடையது. நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. படிக்க வேறு ஊருக்குப் போனவள் அதை என் பொறுப்பில் விட்டிருந்தாள்.

"அப்பா, இரை குடுத்து ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னவள். நான் இரை கொடுத்தது முந்தின நாள், சனிக்கிழமைதான். அதுவும் அவள் சொன்னபடி, உறைந்த எலியை இளக வைத்து இடுக்கியால் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆறு வாரமும் பாம்பு அதைத் தொடவில்லை. இந்த இனம் அப்படிக் கிடப்பது வழமை என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு சீவன் பட்டினி கிடக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்த ஒருவரிடம் உயிரோடு ஓர் எலி வாங்கி விட்டேன். இந்த நாட்டில் அது குற்றம்.

ஞாயிறு சாப்பிட்டு எழும்பியதும்தான் எலி வந்த பெட்டியைக் கழுவினேன். கையைத் துணியில் துடைத்தேன், சவர்க்காரம் போடவில்லை. வேட்டையாடித் தின்ற பாம்புக்கு அந்தக் குணம் உடனே அடங்காது. எலி மணத்தோடு சூடாக உள்ளே வருகிற எதுவும் அதற்கு எலிதான். கண்ணாடிக் கூட்டுக்குள் கையை விட்டதும், பாம்பு என் வலக்கைச் சுட்டுவிரலைக் கவ்வி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

வாசிக்கிறவர்களில் பாம்பு வளர்ப்பவர்கள் இருந்தால் இதை மட்டும் மனதில் வையுங்கள். இழுக்காதீர்கள். அதன் பற்கள் உட்பக்கமாக வளைந்தவை. பொறுத்திருந்தால், அல்லது தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால், அநேகமாகத் தானாகவே விட்டுவிடும். நான் இழுத்தேன். சதை கிழிந்தது. ஒரு பல் உள்ளே முறிந்து நின்றது அப்போது தெரியாது.

மஞ்சள் வைத்துக் கட்டினோம். திங்கள் காலை வைத்தியரிடம் போக வெளிக்கிட்டபோது, ஜெறோம் தேத்தண்ணிக் கோப்பையோடு சிரித்தார்.

"உயிர் எலி குடுத்த கதையைச் சொன்னா பாம்பையும் கொண்டு போவாங்கள், உமக்கும் வழக்கு. மீன் முள்ளு எண்டு சொல்லும். வடக்கிலை பாட்ஸ்பியோர்ட்டிலை ஏழு வருசம் மீன் வெட்டின ஆள் நீர். ஆர் நம்பாமல் விடுவினம்?"

நம்பினார்கள். மீன் முள்ளுக்கு உரிய மாத்திரை கிடைத்தது.

அந்த ஏழு வருடமும், விறைத்த கையோடு, ஒரு விரலில்கூடப் பெரிய காயம் பட்டதில்லை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கத்தி பிடிக்கிறவனுக்குச் சுட்டுவிரல்தான் கண்.

வியாழனன்று விரல் கத்தரிக்காயாக வீங்கி, பாதி மடிந்தபடியே நின்றது. நிமிர்த்தினால் உயிர் போனது. அவசர சிகிச்சையில் பார்த்த பெண் மருத்துவர் ஒரே பார்வையில் சொன்னார்: தசைநாண் உறை அழற்சி (விரலை மடக்கும் நாணைச் சுற்றியுள்ள உறையில் சீழ் பிடிப்பது). அன்றே அறுவைச் சிகிச்சை.

மறுநாள் ஒரு சின்னக் குப்பியைக் கட்டிலருகே வைத்தார். உள்ளே மயிர் போன்ற, வளைந்த ஒரு துண்டு.

"இது எந்த மீனின் முள்?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

நான் யசிந்தாவைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்படியென்றால் இத்தனை நாளும் உங்கள் பொய்க்குத்தான் மருந்து கொடுத்திருக்கிறோம்" என்றார்.

மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் முறையும் விரலைத் திறந்தார்கள். எங்கள் மாடியில் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண் சுகந்தி ரசம் கொண்டுவந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "வெக்கத்துக்கெல்லாம் மாத்திரை கெடையாது அங்கிள்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட சொற்களில் அதுதான் நேரானது.

ஷாமினி வந்து பாம்பைக் கொண்டு போனாள். அது என் கையில் சுற்றியிருந்த கலவரத்தில், தின்ற எலியை மறுநாள் கக்கியிருந்தது. "அது பாவம் அப்பா" என்றாள். என் கையைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை.

உடற்பயிற்சிச் சிகிச்சை எட்டு மாதம் நடந்தது. விரல் இருக்கிறது, மடங்காது. சோறு பிசைந்தால் அது மட்டும் விலகி நிற்கிறது, சபையில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. சமையலறையில் கத்தியை இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். நான் தட்டு அடுக்குகிறேன். பேர்கனில் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் ஜெறோம் என் கதையைச் சொல்லிச் சிரிப்பிக்கிறாராம். அதில் மீன் முள் வருவதில்லையாம்.

வருடங்கள் இப்போது வேகமாகப் போகின்றன. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் ஒரு கணம் மட்டும் இந்த விரலைப்போலவே மடங்காமல் நிற்கிறது. விருந்தாளி கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு. கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறேன். வலக்கை முழுதாக, ஐந்து விரலோடும் உள்ளே போகிறது. அதற்குச் சற்று முன்பு, "வெறும் படம்" என்று சொன்ன வாயோடு ஜெறோம் ஓரடி பின்னால் போனார். தன் கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.